சேலம்–ஏற்காடு சாலைக்கான என் ராக் பாடல் பட்டியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டியில் கிளம்பி ஏற்காடு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தும் வரை கேட்பதற்கென்று பதினொரு ராக் பாடல்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். காரில் உடன் வரும் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களையே கேட்டுக்கொண்டிருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, என் பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

மொத்தம் என்னென்ன பாட்டு இருக்குங்க? வரிசையா சொல்லுங்க, எழுதிக்கிறேன்.

ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் "வைட் ராபிட்" (1967), டீப் பர்ப்பிளின் "ஸ்மோக் ஆன் தி வாட்டர்" (1972), டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் "சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்" (1978), ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் "ஆல் அலாங் தி வாட்ச்டவர்" (1968) ஆகிய நான்கும் அடிவாரம் வரையிலான சமதளச் சாலைக்கு உரியவை. மலையேறத் தொடங்கியதும் ஈகிள்ஸின் "ஹோட்டல் கலிஃபோர்னியா" (1976), லெட் செப்பலினின் "காஷ்மீர்" (1975), பீட்டில்ஸின் "வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்" (1968), மறுபடியும் லெட் செப்பலினின் "ஸ்டேர்வே டு ஹெவன்" (1971), குவீனின் "போஹீமியன் ராப்சொடி" (1975), பிங்க் ஃப்ளாய்டின் "கம்ஃபர்டப்லி நம்" (1979) என்று வரிசை செல்கிறது. ஊருக்குள் நுழைந்த பிறகு ஒலிப்பது பிங்க் ஃப்ளாய்டின் "விஷ் யூ வேர் ஹியர்" (1975).

எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல் ஓடும். வழியில் லாரிக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளாவிட்டால் பயண நேரமும் அவ்வளவுதான்.

ராக்னா என்னதாங்க? எனக்கு எல்லாமே ஒரே இரைச்சலா கேக்குது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் கிராமியப் பாடல்களும் கலந்து 1950-களில் உருவாகி, 1960-களின் இறுதியில் பல கிளைகளாகப் பிரிந்த இசை இது. மின்கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், ஒரு குரல் என்பதே அடிப்படை அமைப்பு. விசைப்பலகை பல குழுக்களில் உண்டு.

இரைச்சலாகக் கேட்பது பெரும்பாலும் கிட்டாரின் கரகரப்புதான். கிட்டாரின் ஆம்ப்ளிஃபையருக்கு அது தாங்கும் அளவைவிடக் கூடுதலான மின்சமிக்ஞை கொடுக்கப்படும்போது அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. அதனால் மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் சேர்ந்து, ஒரே நரம்பு பல நரம்புகளாக ஒலிப்பது போன்ற அடர்த்தி கிடைக்கிறது. தொடக்கத்தில் பழுதாகக் கருதப்பட்ட இந்த ஒலியையே ராக் இசைஞர்கள் விரும்பி வளர்த்தெடுத்தார்கள். காதைப் பழக்க விரும்புகிறவர்கள் "ஸ்மோக் ஆன் தி வாட்டர்" பாடலின் முதல் ஒரு நிமிடத்தைக் கேட்டால் போதும்: ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் தனியாக ஒரு சிறு சொற்கட்டை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுரத்தொடரை, வாசிக்கிறது, மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன, குரல் கடைசியில்தான் நுழைகிறது. யார் எப்போது வந்தார்கள் என்று எண்ணத் தொடங்கியவுடன் இரைச்சல் மறைந்துவிடும்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்க. அர்த்தம் தெரியாம எப்படிக் கேக்கறது?

தெலுங்கு தெரியாமலேயே தியாகராஜர் கீர்த்தனைகளை நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவருகிறோம். அதைவிட இங்கே சிக்கல் குறைவு, ஏனெனில் இந்தப் பட்டியலில் உள்ள பாடல்களில் கணிசமான நேரம் யாரும் பாடுவதே இல்லை. "ஹோட்டல் கலிஃபோர்னியா"வின் கடைசி இரண்டு நிமிடங்களும் டான் ஃபெல்டர், ஜோ வால்ஷ் ஆகிய இருவரின் கிட்டார் உரையாடல்தான். பாடலைத் தெரிந்தவர்களில் பலர் காத்திருப்பது அந்தப் பகுதிக்காகவே.

பாடலின் பின்னணிக் கதை தெரிந்திருந்தால் கூடுதல் சுவை என்பதை மறுக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் மொந்த்ரோ நகரச் சூதாட்ட விடுதியில் 1971 டிசம்பர் 4 அன்று அமெரிக்க ராக் இசைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, பார்வையாளர் ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டதில் கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. அங்கே ஒலிப்பதிவு செய்யவிருந்த டீப் பர்ப்பிள் குழுவினர், ஜெனீவா ஏரியின்மீது பரவிய புகையைப் பார்த்ததைத்தான் "ஸ்மோக் ஆன் தி வாட்டர்" பாடலாக்கினார்கள். அதேபோல "சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்", லண்டனில் ஏறக்குறைய காலியாகக் கிடந்த மதுக்கடை ஒன்றில், கேட்பார் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்த ஜாஸ் குழு ஒன்றைப் பார்த்து மார்க் நாஃப்ளர் எழுதியது.

ஏன் எல்லாமே ஆறு நிமிஷம், எட்டு நிமிஷம்னு இழுக்குது? மூணு நிமிஷப் பாட்டே கிடையாதா?

"வைட் ராபிட்" இரண்டரை நிமிடம்தான், "ஆல் அலாங் தி வாட்ச்டவர்" நான்கு நிமிடம். மற்றவை நீளமாக இருப்பதற்குக் காரணம், நான் அவற்றைத் தேர்ந்தெடுத்த அளவுகோல். ஓரிடத்தில் தொடங்கி, அவசரப்படாமல் ஏறி, தொடங்கிய இடத்திலிருந்து வெகு உயரத்தில் முடியும் பாடல்களையே சேர்த்திருக்கிறேன். அதற்கு நேரம் தேவைப்படுகிறது.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு "ஸ்டேர்வே டு ஹெவன்". எட்டு நிமிடப் பாடலில் நான்கு நிமிடங்கள் கடந்த பிறகுதான் ஜான் பானமின் டிரம்ஸ் முதன்முறையாக ஒலிக்கிறது. அதுவரை பெரும்பாலும் கிட்டார்களும் ஜான் பால் ஜோன்ஸ் வாசித்த மரக்குழல்களும் குரலும்தான். வேகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகிறது; ஜிம்மி பேஜின் தனி வாசிப்பு வரும்போது நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். கடைசி வரியை ராபர்ட் பிளான்ட் வாத்தியங்கள் ஏதுமின்றித் தனியாகப் பாடி முடிக்கிறார். இதை மூன்று நிமிடத்துக்குச் சுருக்கினால் மிஞ்சுவது கிட்டார் வாசிப்பு மட்டுமே, ஏற்றம் இராது. "வைட் ராபிட்" மட்டும் விதிவிலக்கு: பொலேரோ என்ற ஸ்பானிய நடனத் தாளத்தின்மேல் கிரேஸ் ஸ்லிக்கின் குரல் ஒரே மூச்சில், ஒருமுறைகூடக் கீழிறங்காமல், இரண்டரை நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் அது பட்டியலின் வாசலில் நிற்கிறது.

ஷஃபிள்ல போட்டா என்னங்க கெட்டுப்போச்சு? பாட்டு அதேதானே?

பாடல் அதேதான், ஆனால் அது கேட்கும் விதம் மாறிவிடுகிறது. "போஹீமியன் ராப்சொடி"யில் பல்லவி என்று ஒன்றே கிடையாது. மெல்லிசை, ஆபரா என்ற மேலைநாட்டு இசை நாடகப் பாணி, வன்மையான ராக் என்று பகுதிக்குப் பகுதி உருமாறும் ஐந்து நிமிடம் 55 வினாடிகள் அது. அதற்குப் பின் உடனடியாக "சுல்தான்ஸ்" போன்ற துள்ளலான பாடல் வந்தால் மனம் தடுமாறுகிறது. "கம்ஃபர்டப்லி நம்" பாடலின் மந்தமான தொடக்கம் அந்த இடத்தில் ஓர் ஓய்வு போல அமைகிறது. பிறகு டேவிட் கில்மோரின் இரண்டாவது தனி வாசிப்பு, வழியில் தாமதம் இல்லாவிட்டால், கடைசிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒலிக்கிறது. இருபது வளைவுகளுக்கும் எண் பலகை இருப்பதால் பாடல் எங்கே வருகிறது என்று சரிபார்ப்பது எளிது.

அதைத் தொடர்ந்து "விஷ் யூ வேர் ஹியர்" வருவதற்கும் காரணம் உண்டு. பிங்க் ஃப்ளாய்ட் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவரும், மனநலம் குன்றியதால் 1968-இல் விலக நேர்ந்தவருமான சிட் பாரெட்டை நினைத்து உருவானது, அந்தப் பாடல் இடம்பெற்ற அதே பெயருள்ள இசைத்தொகுப்பு. ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்த 1975 ஜூன் மாதத்தில் அவர் அறிவிப்பின்றி ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்து நின்றார். தலையையும் புருவத்தையும் மழித்து, உடல் பருத்திருந்த அவரைப் பழைய நண்பர்களாலேயே முதலில் அடையாளம் காண முடியவில்லை. இந்தப் பாடலைச் சமதளத்தின் நெரிசலில் கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

"காஷ்மீர்"னு பேரு இருக்கே, நம்ம காஷ்மீரைப் பத்தின பாட்டா?

இல்லை. தென் மொரோக்கோவின் பாலைவனத்தில் முடிவில்லாமல் நீண்ட ஒரு சாலையில் வண்டியோட்டிச் சென்றபோது ராபர்ட் பிளான்டுக்குத் தோன்றிய வரிகள் அவை. பாடலை எழுதிய காலத்தில் குழுவினர் யாரும் காஷ்மீருக்குப் போயிருக்கவில்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது பெயரை அல்ல, தாளத்தை. டிரம்ஸ் நான்கு நான்காக, சதுஸ்ரத்தில் நடக்கிறது. கிட்டாரும் மற்ற வாத்தியங்களும் வாசிக்கும் முதன்மைச் சொற்கட்டோ மூன்று மூன்றாக, திஸ்ரத்தில் சுழல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதால், 12 எண்ணிக்கைக்கு ஒருமுறை இரண்டின் முதல் அடியும் சேர்ந்து விழுகிறது. அம்மாப்பேட்டையிலோ பொன்னம்மாப்பேட்டையிலோ விசைத்தறிகளுக்கு அருகில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை: அடுத்தடுத்து ஓடும் இரண்டு தறிகளின் அடிகள் விலகி விலகிப் போய், திடீரென்று ஒன்றாக விழுந்து, மறுபடியும் விலகும் அல்லவா, அதேதான். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள். ஓட்டுநர் மட்டும் போட வேண்டாம்.

"ஸ்டேர்வே" திருடின மெட்டாமே? கேஸ் எல்லாம் நடந்துச்சாமே?

வழக்கு நடந்தது உண்மை. ஸ்பிரிட் என்ற குழுவின் "டாரஸ்" (1968) என்ற வாத்திய இசைத் துண்டிலிருந்து தொடக்கப் பகுதி எடுக்கப்பட்டது என்று 2014-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 2016-இல் நடுவர் குழு லெட் செப்பலினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 2018-இல் மறுவிசாரணைக்கு உத்தரவிடப்பட்டாலும், 2020 மார்ச்சில் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு முதல் தீர்ப்பையே உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் முதல் சில வினாடிகளில் ஒற்றுமை தெரியத்தான் செய்கிறது. ஆனால் பேஸ் சுரம் அரைச்சுர இடைவெளியில் படிப்படியாக இறங்கும் அந்த அமைப்பு ஐரோப்பிய இசையில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிவருவது. அதை யாரும் தனிச்சொத்தாகக் கோர முடியாது. மேலும், நான் மேலே சொன்ன ஏற்றம் "டாரஸ்" துண்டில் அறவே இல்லை, எனக்குப் பாடல் என்பது அந்த ஏற்றம்தான்.

அதே பாட்டைத் தலைகீழா ஓட்டினா சாத்தான் பேரு கேக்குதாமே? பசங்க கூட வர்ற வண்டியில அதைப் போடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் சித்தி, இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார். 1982-இல் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்று இந்தப் பாடலைத் தலைகீழாக ஓட்டிக் கேட்கும் அளவுக்குப் புகழ்பெற்ற வதந்தி இது. எந்தப் பேச்சைத் தலைகீழாக ஓட்டினாலும் சொல் போன்ற ஒலிகள் கிடைக்கும். "இதில் இன்ன வாக்கியம் வருகிறது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒலிபரப்பினால் கேட்பவருக்கு அந்த வாக்கியம் கேட்கும். சொல்லாமல் ஒலிபரப்பினால் வெறும் குழறலாகவே இருக்கும். பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போடலாம். போடக் கூடாத பாடல் ஒன்று உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

குவீன் பாடகர் நம்ம ஏற்காட்டு ஹாஸ்டல்ல படிச்சவராமே, நிஜமா?

மலை உறைவிடப் பள்ளி என்பது வரை சரி, மலைதான் வேறு. சான்சிபாரில் 1946-இல் பார்சி குடும்பத்தில் ஃபரூக் புல்சாரா என்ற பெயரில் பிறந்த ஃப்ரெடி மெர்க்குரி படித்தது மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் உள்ள புனித பீட்டர் பள்ளியில். அங்கேயே நண்பர்களுடன் "ஹெக்டிக்ஸ்" என்ற பள்ளி இசைக்குழுவில் பியானோ வாசித்தார்.

பதினோரு பாட்டுல ஒரே ஒரு பொண்ணு குரல்தானா, மாமா?

அக்கா மகளின் கேள்வி, நியாயமான கேள்வி. பெரிய குழுக்களின் மேடையும் ஒலிப்பதிவு நிறுவனங்களும் அன்று பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்தன. என் அளவுகோலான நீண்ட பாடல்களைப் பதிவு செய்யும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம் கிடைத்தது. பாடகி ஜானிஸ் ஜாப்ளினை நான் விட்டுவிடவில்லை. அவர் 1970-இல் 27 வயதில் இறந்த பிறகு வெளிவந்த "மீ அண்ட் பாபி மெகீ", மலையிறங்கும்போது போடும் தனிப் பட்டியலில் இருக்கிறது.

மெட்டாலிக்கா இல்ல, நிர்வாணா இல்ல. இதெல்லாம் ஒரு ராக் லிஸ்டா, ப்ரோ?

நிர்வாணாவின் "ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்" (1991) எனக்குப் பிடித்த பாடல்தான். ஆனால் அது ஏறுவதில்லை. அமைதிக்கும் முழக்கத்துக்கும் இடையே மாறி மாறித் தாவுகிறது. வளைவுகளில் அந்தத் தாவல் எனக்கு ஒத்துவரவில்லை.

மெட்டாலிக்காவின் "ஒன்" (1988) என் அளவுகோலுக்கு முற்றிலும் பொருந்துகிறது. மென்மையாகத் தொடங்கி, இறுதியில் டிரம்ஸும் கிட்டாரும் இயந்திரத் துப்பாக்கியாக வெடிக்கும் ஏழு நிமிடப் பாடல் அது. போரில் கைகால்களோடு பார்வை, செவி, பேச்சு எல்லாவற்றையும் இழந்து உயிர் மட்டும் மிஞ்சிக் கிடக்கும் ஒரு சிப்பாயின் குரலில் அமைந்திருப்பதால், பின்னிருக்கையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் அதைப் போடுவதில்லை. இதுபோன்ற குழுக்களை நேரில் கேட்டவர்கள் நம் ஊர்ப் பக்கமும் இருக்கிறார்கள்: 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டனும் 2011 அக்டோபரில் மெட்டாலிக்காவும் பெங்களூரு அரண்மனைத் திடலில் வாசித்தபோது, சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர்தானே என்று கிளம்பியவர்கள் அவர்கள்.

தமிழ்ல யாருமே ராக் பண்ணலையா? ஒண்ணுகூட லிஸ்ட்ல காணோமே?

செய்கிறார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு கானாவையும் ராக்கையும் ராப்பையும் பறையோடு சேர்த்துச் சாதிக்கு எதிராகப் பாடியது. அண்டையில் கேரளத்தின் "மதர்ஜேன்", "அவியல்" குழுக்களும் கேட்க வேண்டியவை. "மதர்ஜேன்" கிட்டாரில் கர்நாடக இசையின் கமகங்கள் துல்லியமாக விழும்.

இவற்றுக்குத் தனிப் பட்டியல் வைத்திருப்பதற்கு, மொழி பற்றிய மூன்றாம் கேள்விக்குச் சொன்ன பதிலின் மறுபக்கமே காரணம். தமிழில் பாடினால் சொல் முன்னால் வந்துவிடுகிறது, வாத்தியங்களின் ஏற்றம் பின்னால் போய்விடுகிறது. "ஜெய் பீம்" என்று ஒரு குழு முழங்கும்போது சாலையைப் பார்த்துக்கொண்டு பாதிக் காதோடு கேட்பது முறையல்ல. வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பத்துப் பதினைஞ்சு வளைவு தாண்டினதும் பாட்டு மங்கலா கேக்குது. ஸ்பீக்கர் போயிருச்சா?

ஒலிபெருக்கி நன்றாகவே இருக்கிறது, அடைத்தது காது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடோ 1,500 மீட்டர். மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, நடுச்செவிக்குள் உள்ள காற்று செவிப்பறையை வெளிப்புறம் தள்ளுகிறது. இறுகிய செவிப்பறை சரியாக அதிராததால் ஒலி மங்குகிறது. எச்சிலை விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ தொண்டையையும் செவியையும் இணைக்கும் குழல் திறந்து, அழுத்தம் சமனாகிவிடும். ஒலியைக் கூட்டாதீர்கள், காது திறந்தவுடன் திடுக்கிட நேரும். நுணுக்கமான "விஷ் யூ வேர் ஹியர்" பாடலை ஏறி முடித்த பிறகு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ராக்னா ஃபுல் வால்யூம்ல வைக்கணும்ல? நீங்க ஏன் இவ்வளவு மெல்லமா வைக்கிறீங்க?

கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பேருந்தைக் கண்ணுக்கு முன் காதுதான் அறிகிறது. அந்த ஹாரன் கேட்காத அளவுக்குப் பாடல் ஒலித்தால், எட்டு நிமிடப் பாடலை முழுதாகக் கேட்கும் வாய்ப்பு இல்லாமல் போகலாம். இருசக்கர வாகனத்தில் காதில் இயர்போன் செருகிக்கொண்டு மலையேறுகிறவர்களுக்கு இந்தப் பட்டியலை நான் கொடுப்பதில்லை. வீட்டில் கேட்பவர்களுக்கும் ஓர் அளவு உண்டு: 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஒலி கூடக்கூட அந்த நேரம் வேகமாகக் குறையும்.

இறங்கும்போது இதே வரிசையைத் திருப்பிப் போட்டா சரியா வருமா?

வராது. இறக்கத்தில் இரண்டாம் கியரில், எஞ்சினின் பிடிமானத்தில் வண்டியை விட வேண்டும். ஏறி வருகிறவருக்கு வழிவிட்டு அடிக்கடி நிற்கவும் வேண்டும். உச்சத்தை நோக்கி இழுத்துச் செல்லும் பாடல் அந்த நேரத்தில் ஓட்டுநரின் காலையும் சேர்த்து இழுக்கிறது. அதனால் பீட்டில்ஸின் "ஹியர் கம்ஸ் தி சன்" (1969), ஜார்ஜ் ஹாரிசன் சிதார் வாசித்த "நார்வீஜியன் வுட்" (1965), மேலே சொன்ன ஜாப்ளின் பாடல் என்று, எங்கே நிறுத்தினாலும் வருத்தம் தராத குறும்பாடல்களே இறங்குமுகத்துக்கு.

மழைக்கு மலைப்பாதையை அடைச்சுட்டா குப்பனூர் வழியாத்தான் போகணும். அப்பவும் இதே லிஸ்ட்தானா?

அதேதான், தொடங்கும் கணக்கு மட்டும் மாறும். மலையேற்றம் தொடங்கும் இடத்தில் "ஹோட்டல் கலிஃபோர்னியா" தொடங்க வேண்டும் என்பதே விதி. அதற்குள் சமதளப் பாடல்கள் நான்கும் தீர்ந்துவிட்டால் "சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்" பாடலை மறுபடியும் போட்டுக்கொள்ளுங்கள். மார்க் நாஃப்ளர் மீட்டுகோல் இல்லாமல் விரல்களாலேயே வாசித்ததை இரண்டாம் முறை கேட்கும்போது கவனிக்கலாம். பாடல்களை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளவும். மலையில் இணையம் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.